பேர் சொல்லுங்கள்

காலை ஆறுக்கு ஜன்னலைத் திறக்கிறேன்.
சேன்ட் க்ருவாவில், போலீஸ் ஸ்டேஷன் பின்சுவரை ஒட்டி
நிற்கும் ஒரு வேன். அதில் ஒரு முழ அகல ஜன்னல்.
அந்தப் பக்கம் நாற்பத்தொரு பேர்.
பீத்தர் பொத் மலை இன்னும் தெரியவில்லை.
அது தலையில் சுமக்கும் உருண்டைக் கல் மட்டும்
வெளுத்துக்கொண்டு வருகிறது.

பிளாஸ்டிக் கோப்பை, அளந்த மெத்தடோன்,
மேலே கொஞ்சம் தண்ணீர்.
குடித்ததும் நான் கேட்டாகவேண்டும்:
பேர்?
வாயில் அடக்கிப்போய் வெளியே விற்கக்கூடாது என்று விதி.
பேசுகிற வாயில் எதையும் ஒளிக்க முடியாது.

அதனால்,
தெருவில் திருடன் என்றும், வீட்டில்
செத்துத் தொலைந்தவன் என்றும் அழைக்கப்படுகிறவர்கள்
விடியலில் ஒருவர் பின் ஒருவராக வந்து
தங்கள் பெயரைச் சொல்கிறார்கள்.

ழான்-நோயெல்.
மரி-கிளேர், தோளில் தூங்கும் குழந்தையோடு.
ஆசாத், பஸ் கண்டக்டர் நிறுத்தம் கூவுகிற மாதிரி.
அவன் பின்னால் எப்போதும்
மாவு காயாத கையோடு, பேக்கரி இரவு வேலை முடிந்து,
வைதெலிங்கம்.
"உங்கள் பேருக்குள் ஒரு வைத்தியன் இருக்கிறான், தெரியுமா?"
தமிழ் அவருக்குக் கோயிலளவுதான். கிரியோலில் விளக்கினேன்.
"பதினோரு வருஷமாய்த் தூங்கிவிட்டான் போல" என்றார்.

வரிசைக்கு வெளியே செல்வென்.
பத்தொன்பது வயது. பட்டியலில் இடமில்லை,
ஐந்து மாதமாகக் காத்திருக்கிறான்.
கடைசியில் வந்து, கோப்பை இல்லாமலே,
பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறான்.
மறந்துவிடுவேனோ என்று பயம்.

எதிர்த்தெருக்காரர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள்.
பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியாம்,
ஜன்னலை வேறெங்காவது மாற்றவேண்டுமாம்.
வேறெங்காவது என்கிற ஊருக்கு
இந்தத் தீவில் பஸ் கிடையாது.
டால்பூரி வண்டி சமசுதீன் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.
முன்பு மாதாமாதம் அவர் காஸ் சிலிண்டர் காணாமல் போகும்.
"இப்போது காசு கொடுத்துத் தின்கிறார்கள்.
கடன் சொல்கிறவன் மனு எழுதினவன்தான்."

பிப்ரவரியில் புயல். மூன்றாம் எச்சரிக்கை.
பஸ் இல்லை, கடை இல்லை, நான் இல்லை.
இரண்டு விடியல் ஜன்னல் மூடிக் கிடந்தது.
விற்கிறவனுக்கு எச்சரிக்கை ஏது?
மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு
வீடு வீடாகப் போனானாம்.

மூன்றாம் நாள் எல்லோரும் முதலில்
மலையைத்தான் பார்த்தார்கள். கல் இருந்தது.
ஓடையில் மாங்கிளை, தகரம், ஒற்றைச் செருப்பு,
ஊசிகள்.
கையுறை போட்டுப் பொறுக்கினேன். பதினேழு.
எது எத்தனை கைகளுக்குள் போய்வந்ததோ,
மூன்று மாதம் கழித்து ரத்தம் சொல்லும்.
ஊசியையே கண்டிராத
யாரோ ஒருத்தியின் ரத்தமும் சொல்லக்கூடும்.

வரிசையில் முப்பத்தொன்பது பேர்.
மூடும் நேரத்தில் வைதெலிங்கம் வந்தார்.
கையில் மாவு இல்லை. நடுக்கம்.
இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்தார்.
பேர்?
சும்மா நின்றார்.
சொல்லுங்கள், விதி.

"ஆசாத்."

நிறுத்தம் கூவுகிற குரலில் இல்லை.
எங்கே கிடந்தான், யார் பார்த்தது என்று நான் கேட்கவில்லை.
விதி ஒரு பேர் கேட்கிறது,
யாருடைய பேர் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

பதிவேட்டில் இரண்டு வரி மிச்சம்.
ஒன்றில் நேரம் குறித்தேன்: எட்டு மணி இரண்டு நிமிடம்.
மற்றதில் இனி செல்வெனை எழுதலாம்.
வெளியே நிற்கிறான்,
பேரைச் சொல்ல.
இன்றைக்கு எழுதவில்லை.